குடலின் அடிவாரக் காவல்

வட ஆர்க்காட்டு மருத்துவ வரலாறு: பகுதி 11

1960-ஆம் ஆண்டு வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒரு பேதி பரவியது. வாந்திபேதி என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வந்த வேகத்தில் ஆளை அடித்துப் போடும்; ஓரிரு நாளில் பிழைப்பாரா மாட்டாரா என்பது தெரிந்துவிடும். இது வேறு மாதிரி. சாதாரண வயிற்றுப்போக்குபோல வந்தது, ஆனால் நிற்கவில்லை. வாரங்கள் போயின, மாதங்கள் போயின. வயிறு உப்பியது. நாக்கு புண்ணாகி, காரம் பட்டால் எரிந்தது. காலில் நீர் கோத்தது, முகம் வெளுத்தது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. குழந்தைகளைவிடப் பெரியவர்களையே அதிகம் பிடித்தது. ஏர் பிடிக்க வேண்டியவர்கள் திண்ணையில் சுருண்டு கிடந்தார்கள். 1962 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

இப்படித் தீராமல் இழுத்துக்கொண்டு போகும் கழிச்சலைச் சித்த வைத்தியர்கள் கிராணி என்பார்கள். ஆங்கில மருத்துவம் இதற்கு வைத்திருந்த பெயர் ஸ்புரூ.

அன்றைக்குத் திருவண்ணாமலை தனி மாவட்டம் அல்ல. செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி எல்லாமே வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தன. 1989 செப்டம்பர் கடைசியில்தான் மாவட்டம் இரண்டாகி, அண்ணாமலையார் ஊர் தன் பெயரிலேயே ஒரு மாவட்டத்துக்குத் தலைநகரானது. ஆகவே இந்தப் பகுதியில் வட ஆர்க்காடு என்று வரும் இடமெல்லாம், கிரிவலப் பாதையைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தே வாசகர்கள் எண்ணிக்கொள்ள வேண்டும்.

சென்ற பகுதியில், ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சைக்கூடம் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்ததைப் பார்த்தோம். அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெல்கம் அறக்கட்டளையின் உதவியோடு ஓர் ஆய்வுப் பிரிவு இயங்கியது. செல்வின் பேக்கர் அதற்குத் தலைவர். வி. ஐ. மாத்தன் அவருடன் உழைத்த இளம் மருத்துவர். மின்னி மாத்தன் நுண்ணோக்கியில் திசுக்களைப் படிப்பதில் தேர்ந்தவர். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று இந்தக் குழு காத்திருக்கவில்லை. ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கணக்கெடுத்து, யாருக்கு எப்போது வந்தது, அடுத்து யாருக்குத் தொற்றியது என்று எழுதி வைத்தது.

அந்தக் கணக்கெடுப்பு ஒரு பழைய நம்பிக்கையையும் உடைத்தது. ஸ்புரூவைப் பற்றி அதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் வெப்ப நாடுகளுக்கு வந்து அவதிப்பட்ட ஐரோப்பியர்களைப் பார்த்த மருத்துவர்கள். 1759-இல் பார்படாஸ் தீவில் வில்லியம் ஹில்லரி, 1880-இல் சீனத்துத் துறைமுகமான அமாயில் பேட்ரிக் மேன்சன் என்று அந்த வரிசை நீள்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் இதில் விழுந்தார்கள். அயல்நாட்டாருக்கு ஆகாத சீமையின் நோய் என்பதுதான் எண்ணமாக இருந்தது. அந்தச் சீமையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஸ்புரூவில் சாவதை வேலூர்க் குழு பதிவுசெய்தது.

நோய் குடலுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க, அப்போது ஒரு புதுக் கருவி கிடைத்திருந்தது. 1957-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பி, குக்லர் என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய உலோகக் குப்பி அது. மெல்லிய குழாயின் நுனியில் கட்டியிருக்கும். நோயாளி அதை விழுங்க வேண்டும். இரைப்பையைத் தாண்டி இடைச்சிறுகுடலுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று எக்ஸ்-ரேயில் பார்ப்பார்கள். குழாயின் மறுமுனையில் காற்றை உறிஞ்சினால், குடலின் உட்சவ்வு குப்பியின் துளைக்குள் இழுபடும். உள்ளே இருக்கும் சிறு கத்தி சட்டென்று திரும்பி ஒரு துணுக்கை நறுக்கும். அதற்கு முன்னால், உயிரோடு இருப்பவரின் சிறுகுடலை உள்ளபடி பார்க்க வேண்டுமென்றால் வயிற்றைக் கிழித்தாக வேண்டும். இறந்தவர் உடலிலோ, உயிர் போன சில மணி நேரத்திலேயே அந்தச் சவ்வு கரையத் தொடங்கிவிடும்.

அந்தத் துணுக்கில் என்ன இருக்க வேண்டும்? சிறுகுடலின் உள்சுவர் வழவழப்பான குழாய் அல்ல. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில், விரல்கள்போல, லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நெருக்கமாக எழுந்து நிற்கும். இவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 30 சதுர மீட்டர், அதாவது முந்நூறு சதுர அடிக்குச் சற்று மேல். இவ்வளவு பரப்பையும் மூடியிருப்பது ஒரே வரிசைச் செல்கள். அந்த வரிசையின் தடிமன் மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். ஒரு பக்கம் நாம் உண்ட சோறும் அதோடு போன கிருமிகளும், மறுபக்கம் ரத்தம். நடுவில் இருப்பது இவ்வளவே. தோலுக்கு இருக்கும் அடுக்கடுக்கான பாதுகாப்பு இங்கே இருக்க வழியில்லை, ஏனென்றால் சத்தும் இந்தச் சுவரின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

ஸ்புரூ நோயாளிகளின் துணுக்குகளில் விரல்கள் குட்டையாகி, தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோயே இல்லாதவர்களின் துணுக்கும் வேண்டுமே? அவற்றைப் பார்த்தபோதுதான் வேலூர் மருத்துவர்கள் திகைத்தார்கள். பேதி இல்லாத, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த தென்னிந்தியர்களின் குடலிலும் விரல்கள் விரல்களாக இல்லை. இலைபோலவும் நாக்குபோலவும் அகன்று, உயரம் குறைந்து இருந்தன. அடித்திசுவில் நோயெதிர்ப்புச் செல்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தன. ஐரோப்பியப் பாடநூலை வைத்துப் பார்த்தால் இவர்கள் அத்தனை பேரும் நோயாளிகள்!

தென்னிந்தியர்களுக்குப் பிறவியிலேயே குடல் இப்படித்தானோ என்ற கேள்வி எழுந்தது. 1969-இல் சாக்கோ, பால்சன், வி. ஐ. மாத்தன், பேக்கர் நால்வரும் அதற்குப் பதில் சொன்னார்கள். கருவிலேயே இறந்த சிசுக்கள், பிறந்தவுடன் இறந்த குழந்தைகள், வளர்ந்தவர்கள் என்று பல வயதினரின் குடலைப் பிணக்கூறாய்வில் பார்த்து ஒப்பிட்டார்கள். கருவில் இருந்த குழந்தைகளின் குடலுறிஞ்சிகள் உலகின் எந்தக் குழந்தைக்கும் இருப்பதுபோல மெல்லிய விரல்களாகவே இருந்தன. மாற்றம் பிறந்த பிறகுதான் வருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்களையும் பாகிஸ்தானியர்களையும் ஆராய்ந்த இன்னொரு குழு, அங்கே தங்கத் தங்க அவர்களின் குடல் சீராகி வருவதைக் கண்டது. அதற்கு முன்பே, கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தொண்டு செய்யப் போன அமெரிக்க இளைஞர்களுக்கு அங்கே போன பிறகு குடல் கெட்டதும் பதிவாகியிருந்தது.

இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே முடிவுதான் வருகிறது. குறை உடம்பில் இல்லை, இனத்தில் இல்லை. வாழும் சூழலில் இருக்கிறது; குறிப்பாக, வாய் வழியே ஓயாமல் உள்ளே போகும் மலக்கிருமிகளில் இருக்கலாம். நம் மக்களின் மெலிந்த உடல்வாகைப் பரம்பரை என்று சொல்லி நகர்ந்துவிடும் பழக்கம் இன்றும் போகவில்லை. 1969-ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரை மருத்துவர்களோடு நின்றுவிடாமல் ஊராட்சி மன்றங்கள் வரை போயிருக்க வேண்டும்.

பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1972-இல் இவை அனைத்தையும் தொகுத்து ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். வெளியே நோய் தெரியாமல் குடல் மட்டும் நலிந்திருக்கும் நிலையையும், முற்றிய ஸ்புரூவையும் அதில் பிரித்துக் காட்டினார்கள். ஸ்புரூவுக்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் கொடுத்தால் பலர் தேறினார்கள். ஆனால் நோயை உண்டாக்கிய கிருமி எது என்பது பிடிபடவில்லை. 1975-இல் மின்னி மாத்தன் முதலானோர் மலத்தில் கொரோனா வைரஸ்போன்ற துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு லான்செட் இதழில் எழுதினார்கள். ஆனால் நோயில்லாதவர்களிடமும் அவை இருந்ததால் அந்தத் தடம் அங்கேயே நின்றது.

தடம் வேறொரு பக்கம் திரும்பியது. 1986-இல் மின்னி மாத்தன் குழுவினர் ஸ்புரூ நோயாளிகளின் குடலில் செல்கள் பிறந்து, நகர்ந்து, உதிரும் வேகத்தை ஆராய்ந்தார்கள். குடலுறிஞ்சிகளின் அடிவாரத்தில், அவற்றுக்கு இடையிடையே நுண்ணிய குழிகள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானியரின் பெயரால் லீபர்குன் குழிகள் என்கிறார்கள். குழியின் அடியில் இருக்கும் குருத்தணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பிறந்த செல்கள் மேலே ஏறி, குடலுறிஞ்சியின் நுனியை அடைந்து, மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்துவிடும். மேலே தெரியும் சிதைவுக்கு வேர் இந்த அடிவாரத்தில், குருத்தணுக்களில் இருக்கலாம் என்று வேலூர்க் குழு கருதியது.

அடிவாரத்தில் குருத்தணுக்கள் தனியாக இல்லை. அவற்றோடு தோள் உரசி நிற்கும் இன்னொரு வகைச் செல் உண்டு. 1872-இல் குஸ்டாவ் ஷ்வால்பே அதைக் கண்டார். 1888-இல் வியன்னாவின் ஜோசப் பானெத் விரிவாக வரைந்து எழுதினார். செல் முழுக்கப் பளபளக்கும் குருணைகள். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. சிக்மண்ட் ஃபிராய்டின் நண்பரான பானெத், அந்தக் கட்டுரை வெளிவந்து இரண்டே ஆண்டில், 32 வயதில், காசநோயில் இறந்துபோனார். அவர் பெயர் மட்டும் செல்லோடு ஒட்டிக்கொண்டது.

பானெத் செல்லின் வேலை புரிய எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச் சளியில் கண்டுபிடித்த, கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதி இந்தக் குருணைகளிலும் இருப்பது 1960-களிலும் 70-களிலும் உறுதியானது. 1980-களின் இறுதியில் ஆந்த்ரே உவெலெட் எலிகளின் குழிகளில் டிஃபென்சின் என்ற சிறு புரதங்களின் தடயத்தைக் கண்டார். 1992-இல் ஜோன்ஸ், பெவின்ஸ் இருவரும் மனிதரின் பானெத் செல்களிலும் அத்தகைய ஒன்றைக் கண்டார்கள். டிஃபென்சின் பாக்டீரியாவின் சவ்வைத் துளைத்துக் கொல்லும். மனிதரின் பானெத் செல்களில் இது இரண்டு வகை. இரண்டாவது வகை கொல்வதில்லை. இழைகளாகப் பின்னிக் கிருமியைச் சுற்றிக்கொண்டு சுவரை நெருங்கவிடாமல் செய்கிறது என்பது 2012-இல் தெரியவந்தது.

மற்றச் செல்கள் எல்லாம் குழியிலிருந்து மேலே ஏறும்போது பானெத் செல் மட்டும் கீழே இறங்கும். மற்றவை சில நாளில் உதிர, இது ஒரு மாதத்துக்கும் மேலாக அங்கேயே இருக்கும். ஏன் என்பதற்கு நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்திலிருந்து விடை வந்தது. 2007-இல் குருத்தணுக்களை ஓர் அடையாளப் புரதத்தை வைத்து இனம்பிரித்தார்கள். 2011-இல், பானெத் செல்கள் அந்தக் குருத்தணுக்களுக்கு வளர்ச்சிச் சமிக்ஞைகளை ஊட்டி வளர்க்கின்றன என்று எலிகளில் காட்டினார்கள். கிருமியைக் கொல்வதும் குருத்தைப் பேணுவதும் ஒரே செல்லின் வேலை. குழியின் அடிவாரம்தான் முக்கியம் என்று 1986-இல் வேலூரிலிருந்து எழுதியவர்கள் சரியான இடத்தைத்தான் சுட்டியிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. ஜாம்பியாவின் லுசாக்காவில் பால் கெல்லி குழுவினர் ஏழை மக்களின் குடல் துணுக்குகளை ஆராய்ந்தபோது, டிஃபென்சின் உற்பத்தி குறைந்தவர்களுக்கே அடுத்து வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2006-இல் எழுதினார்கள்.

அடிவாரத்தை விட்டு மேலே வந்தால் வேறு காவலர்கள் உண்டு. கோப்பைச் செல்கள் வழுவழுப்பான கோழையைச் சுரந்து சுவரை மூடுகின்றன. காலரா கிருமியின் நச்சு பட்டால் இவை தங்கள் கோழையையெல்லாம் கொட்டிவிடும். அரிசி களைந்த தண்ணீர்போல என்று மருத்துவர்கள் சொல்லும் அந்த மலத்தில் மிதக்கும் வெண்துணுக்குகளில் பெரும்பங்கு இந்தக் கோழைதான். குடல் சுவரில் நோயெதிர்ப்புச் செல்கள் திரண்டிருக்கும் பேயர் திட்டுகளின் மேல் எம் செல்கள் என்று ஒரு வகை உண்டு. குடலில் போகும் கிருமிகளில் கொஞ்சத்தைப் பிடித்து உள்ளே இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களிடம் ஒப்படைப்பது இவற்றின் பணி. அந்த வாசலையே டைபாய்டு கிருமி தனக்கு வழியாக்கிக்கொள்கிறது.

கடைசியாகப் புரிந்தது டஃப்ட் செல். தலையில் குச்சம் வைத்ததுபோல் இருக்கும் இந்தச் செல்லை 1956-லேயே பார்த்துவிட்டார்கள். வேலை தெரிந்தது 2016-இல், மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்ட ஆய்வுகளில். குடலில் புழு இருப்பதை மோப்பம் பிடித்து, நோயெதிர்ப்புச் செல்களை எழுப்பி, கோப்பைச் செல்களைப் பெருகச் செய்து, கோழையால் புழுவை வெளியே தள்ள வைப்பது இதுதான் என்று எலிகளில் தெரிந்தது. மனிதரைப் பிடிக்கும் கொக்கிப்புழுவோ இதையெல்லாம் சமாளித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சிறுகுடலில் தங்கி ரத்தம் குடிக்கும்.

அந்தக் கொக்கிப்புழு திருவண்ணாமலை மாவட்டத்தின் சொந்தக் கதை. ஜவ்வாது மலையின் பழங்குடி ஊர்களில் அதன் தொல்லை நீண்ட காலமாக உண்டு. 2017-இல் வேலூர்க் குழு ஜவ்வாது மலையையும் சமவெளியில் உள்ள திமிரியையும் ஓர் உலகளாவிய ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது. மற்ற இரு களங்கள் ஆப்பிரிக்காவின் பெனினும் மலாவியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கும் வழக்கத்தை விட்டு, வயது பாராமல் ஊரில் எல்லாருக்கும், ஆண்டுக்கு இரண்டு முறை, மூன்று ஆண்டுகள் கொடுத்தால் புழு பரவுவதையே நிறுத்திவிட முடியுமா என்பதுதான் கேள்வி. மலையேறி வீடு வீடாக மாத்திரை கொடுத்து, விழுங்குவதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்ட களப்பணியாளர்களின் உழைப்பு, 1960-களில் கிராமம் கிராமமாக நடந்தவர்களின் உழைப்புக்குக் குறைந்தது அல்ல.

ஸ்புரூ இன்று அரிதாகிவிட்டது. கொள்ளைநோயாக அது வந்த கிராமங்களில் இப்போது அதைப் பார்த்த இளம் மருத்துவரைக் காண்பது கடினம். ஆனால் பேக்கரும் மாத்தனும் பிரித்துக் காட்டிய அந்த முதல் நிலை, நோய் தெரியாமல் குடல் நலிந்திருக்கும் நிலை, ஏழைக் குழந்தைகளிடம் இன்னும் இருக்கிறது. அவர்கள் உயரம் வளராமல் போவதற்கு இது ஒரு காரணம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இதைத் தடுக்க வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் பெரிய அளவில் ஆய்வு நடத்தினார்கள். கழிப்பறை கட்டினார்கள், கை கழுவக் கற்றுக்கொடுத்தார்கள், தண்ணீருக்குக் குளோரின் கொடுத்தார்கள். 2018, 2019-இல் முடிவுகள் வந்தபோது, இவற்றால் குழந்தைகளின் உயரம் கூடவில்லை என்று தெரிந்தது. சோர்ந்துபோக இதில் ஒன்றுமில்லை. நியூயார்க்கில் குடலைச் சீராக்கியது ஒரு சோப்புக்கட்டியோ ஒரு குழிக் கழிப்பறையோ அல்ல. ஊர் முழுவதற்கும் குழாயில் வரும் சுத்தமான தண்ணீரும், ஊர் முழுவதன் கழிவையும் கொண்டுபோகும் சாக்கடையும்தான் என்று எண்ண இடமிருக்கிறது. குழந்தைகளின் உயரம் கூட அரைகுறை ஏற்பாடு போதாது என்பதைத்தான் அந்த ஆய்வுகள் சொல்கின்றன. எந்த ஊரும் முழு ஏற்பாட்டைக் கேட்டுப் பெற வேண்டும்.

திருவண்ணாமலைக்கு இது இரட்டிப்புப் பொறுப்பு. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. மழைநீரும் கழிவும் கலக்க எளிதான காலம் அது. தீபத் திருவிழாவில் அன்னதானம் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் வைத்திருக்கும் விதி நல்லது. அதைத் தொந்தரவாக நினைக்காமல் செய்ய வேண்டும். பந்தல் போட்டுத் தண்ணீர் வைக்கும் அன்பர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும் குளோரோஸ்கோப்பில் இரண்டு நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம். தொட்டி நிரம்பியதும் அவரைக் கூப்பிட்டுச் சோதித்துவிட்டு, அதன்பின் குவளையை நீட்டுங்கள்.

அடுத்த பகுதியில்: மூன்று முறை கொடுத்தால் போதும் என்று உலகம் நம்பிய போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளின் குடலில் ஏன் சரியாகப் பிடிக்கவில்லை என்று வேலூரின் ஜேக்கப் ஜான் 1972-இல் எழுப்பிய கேள்வி.